வட்டத்தில் நிற்பவர்கள்

“பதினைஞ்சு பேரோட எல்லே விளையாடேலாது, பிள்ளை. பதினாறாவது பேரை எழுத உனக்குத் துணிவு வருமெண்டு நான் நினைக்கேல்லை.”

பாரிஸில், ரூ பெர்தொனே என்ற தெருவில் அம்மா வேலை செய்த தேநீர்க் கடையின் மூலை மேசையில் இருந்தபடி அவர் இதைச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர், அம்மா எட்டு. பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில் எங்கள் மாடியில் இருந்த ஐந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் வருகிற அரசாங்கக் கடிதங்களை வாசித்துப் பதில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். எனக்கு எழுத வராது என்று யாரும் சொன்னதில்லை. அவரும் அதைச் சொல்லவில்லை. எனக்குத் துணிவு வராது என்றார். கோபம் வந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி.

அவரை எல்லாரும் ஸ்கோர் அண்ணை என்றார்கள். அப்பாவைவிட மூத்தவரை நானும் அப்படியே கூப்பிட்டேன். ஊரில் எல்லேப் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதியவர். எல்லே இலங்கை விளையாட்டு. டெனிஸ் பந்தை மூங்கில் பொல்லால் அடித்துவிட்டு, நிலத்தில் கீறிய வட்டங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரவேண்டும். வட்டத்துக்குள் நிற்கிறவனை யாரும் ஒன்றும் செய்யமுடியாது. வெளியே ஓடுகிறவனின் உடம்பில் எறிந்த பந்து பட்டால் அவுட். அமெரிக்கர்களின் பேஸ்போல் எல்லேயின் தம்பி என்பது அவருடைய கட்சி. “எங்களிட்டைக் களவெடுத்து, கையுறை போட்டுக்கொண்டு விளையாடுறாங்கள். பந்து படப் பயம்” என்பார்.

அவர் ஒருநாளும் விளையாடியவரில்லை. வலது கால் கொஞ்சம் குட்டை. விளையாட முடியாததால்தான் எல்லாவற்றையும் பார்த்துவைத்தார் போலிருக்கிறது. வெறும் தேத்தண்ணி ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு, நான்கு சீனிப் பைகளை மேசையில் நான்கு வட்டங்களாக அடுக்கி, வடைத் துண்டு ஒன்றைப் பந்தாக்கி, முப்பது வருடத்துக்கு முந்திய இறுதிப்போட்டி ஒன்றை அடி அடியாக நடத்திக் காட்டுவார். எந்தப் பக்கம் காற்று வீசியது, எந்த மரத்தில் பந்து பட்டுத் திரும்பியது, எந்த ஊர்ப் பெடியன் சப்பாத்தில்லாமல் ஓடினான் என்பதுவரை சொல்லுவார்.

அவருக்கு ஒரு குணம். பிழையான ஸ்கோர் ஒன்றைக் கேட்டால் அதைத் திருத்தாமல் விடமாட்டார். யார் முன்னால், எந்த நேரம் என்று பார்க்கவும் மாட்டார்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து நகைக்கடைக்காரர் தன் மருமகனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி அடியில் தானே ஓடிவந்து ஊருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கதை.

“தம்பி,” என்றார் ஸ்கோர் அண்ணை மூலையிலிருந்து, “நீர் அண்டைக்கு மைதானத்துக்கே வரேல்லை. உமக்குக் கூவைக்கட்டு. கன்னம் இரண்டும் பலாப்பழம் மாதிரி.”

கடை முழுக்கச் சிரித்தது. மருமகனும் சிரித்தான். நகைக்கடைக்காரர் பிறகு ஒரு மாதம் வேறு கடையில் தேநீர் குடித்தார்.

“அண்ணை, உங்களால எனக்கு யாவாரம் படுக்குது” என்றார் கடை முதலாளி.

“பொய் சொல்லி வடை விக்காத, நல்லாய்ப் போகும்.”

எல்லாத் திருத்தமும் சிரிப்பில் முடியவில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒருவரைப் புதிதாகக் கண்டால் முதற்கேள்வி ‘எந்த ஊர்?’ என்பது. ஸ்கோர் அண்ணையின் இரண்டாவது கேள்வி, ‘எந்த அணி?’ அப்போதுதான் வந்திறங்கிய ஒருவர், முப்பது வயதைத் தாண்டியவர், ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தார். ஸ்கோர் அண்ணையின் முகம் மலர்ந்தது.

“நீர் அந்த நெடுவல் அல்லோ! அந்த வருச மாசிமாத அரையிறுதியில ரெண்டு ஓட்டம் எடுத்தனீர்.”

அவர் ரோல்ஸைத் தட்டில் வைத்தார். “இல்லை அண்ணை. அது நானில்லை.”

“நீர்தான். நான்தானே எழுதினனான்.”

“மாசியில நான் உள்ளுக்கு இருந்தனான், அண்ணை” என்றார் அவர் மெதுவாக. உள்ளுக்கு என்றால் சிறை. அவருடைய அகதி விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதியிருந்ததாம். எழுதிக் கொடுத்தவர் மாதத்தை மாற்றிவிட்டாரா, சிறையில் இருந்தது வேறு மாதமா, எனக்குத் தெரியாது. பக்கத்து மேசையில் இருவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் காசை வைத்துவிட்டு எழுந்து போனார். கடித்த ரோல்ஸ் தட்டில் இருந்தது.

ஸ்கோர் அண்ணைக்குத் தான் செய்தது விளங்கவேயில்லை. “அவன்தான்,” என்றார் எல்லோரையும் பார்த்து, “ரெண்டு ஓட்டம்.”

அதற்குப் பிறகு ஆட்கள் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள்.

நான் அவரோடு நெருங்கியது 2009 இலையுதிர்காலத்தில். அந்த வருடம் கடையில் யாரும் சத்தமாகச் சிரித்ததாக ஞாபகமில்லை. சித்திரை, வைகாசி முழுவதும் பெரியவர்கள் ஊர்வலங்களில் நின்றார்கள். பிறகு தொலைபேசியின் பக்கத்தில் நின்றார்கள். பிறகு நிற்கவும் இல்லை. ஸ்கோர் அண்ணை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேன்சேன் காட்டுப் பக்கம் போய், பிரெஞ்சுப் பெடியள் பேஸ்போல் விளையாடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். போர் முடிந்ததும் விளையாட்டுப் பார்க்கப் போகிறாராம் என்று கடையில் அருவருப்பாகச் சொன்னார்கள்.

அவர் நூலகத்திலிருந்து பேஸ்போல் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். பிரெஞ்சில் தடித்த புத்தகம்.

“நீதானே படிக்கிற பிள்ளை. இதில என்ன எழுதியிருக்கெண்டு சொல்லு.”

சனிக்கிழமைகளில் அம்மாவின் வேலை முடியும்வரை நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். பழைய வீரர்கள், கறுப்பர்களுக்குத் தனி அணிகள் இருந்த காலம், பணம் வாங்கிக்கொண்டு தோற்ற ஒரு அணி. தோற்ற அணியைப் பற்றி வாசித்தபோது அவர் முகம் கறுத்தது. “ஸ்கோர் எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார். “அவன் ஏன் வாய் திறக்கேல்லை?”

ஒருநாள், ஸ்கோர் எழுதும் முறை பற்றிய அத்தியாயம். ஆட்டம் முடிந்ததும் கணக்குச் சரியா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. வீடு வந்தவர்கள், அவுட்டானவர்கள், இரண்டும் இல்லாமல் வட்டத்திலேயே நின்றுபோனவர்கள். இந்த மூன்றையும் கூட்டினால் பொல்லுப் பிடித்தவர்களின் தொகை வரவேண்டும். வராவிட்டால் யாரோ ஒருவன் தாளிலிருந்து தவறிவிட்டான் என்று அர்த்தம்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நிண்டுபோனவனையும் எழுதுறாங்களோ?”

“ஓம். தனியா ஒரு வரி.”

“நாங்கள் எழுதேல்லைப் பிள்ளை” என்றார். “நாங்கள் வந்தவனையும் அவுட்டானவனையும்தான் எழுதினனாங்கள். நிண்டவனை விட்டிட்டம்.”

அடுத்த சனிக்கிழமை அவர் நீல மட்டைக் கொப்பி ஒன்றோடு வந்தார். தான் ஸ்கோர் எழுதிய அணிகளை ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக அதில் எழுதத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு ஒரு அணி, பதினாறு பெயர்கள், அவரவர் நின்ற இடம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறி. சரி என்றால் உயிரோடு இருக்கிறான், பக்கத்தில் ஊர்: ரொறன்ரோ, பேர்ண், லண்டன். பெருக்கல் குறி என்றால் இல்லை. வட்டம் என்றால் தெரியாது.

“நிக்கிறான்” என்பார் வட்டம் கீறும்போது. “அவுட்டும் இல்லை, வீட்டுக்கும் வரேல்லை.”

வருகிறவர், போகிறவர் எல்லோரையும் கேட்டார். உங்கட ஊர் இடக்கையன் எங்கை? அந்தத் தச்சன்ர மகன்? கடைசியா ஆர் கண்டது, எங்கை? புதிதாக வந்தவர்கள் மிரண்டார்கள். பெயர் கேட்டு எழுதுகிற ஆளுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. யாருக்கோ காட்டிக் குடுக்கிறான். யாருக்கு என்பதில் மட்டும்தான் ஆளுக்கொரு கருத்து. முதலாளி அவருக்குத் தேநீரைக் கடதாசிக் கோப்பையில் கொடுக்கத் தொடங்கினார். வெளியே கொண்டுபோய்க் குடியுங்கள் என்று வாயால் சொல்லவில்லை.

அப்பா அந்தக் கடைக்குள் வருவதில்லை. அம்மாவைக் கூட்டிப்போக வந்தால் தெருமுனையில் நிற்பார். உணவகத்தில் பாத்திரம் கழுவிய களைப்பு என்று நினைத்திருந்தேன். ஒரு மாலை மழை கொட்டியதால் உள்ளே வந்துவிட்டார். முதலாளி தேநீர் கொடுத்தார். அப்பா அதை வலது கையால் வாங்கினார்.

அப்பா இடக்கையர். வீட்டில் கறி வெட்டுவது, பூட்டுத் திறப்பது எல்லாம் இடது கைதான். வெளியே மட்டும் எல்லாவற்றையும் வலது கையால், கொஞ்சம் தடுமாறிச் செய்வார். சின்ன வயதிலிருந்தே பார்த்ததால் நான் அதைக் கேள்வியாக நினைத்ததே இல்லை.

ஸ்கோர் அண்ணை அவரை நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, உம்மட கொண்ணை—”

“எனக்கு அண்ணை இல்லை” என்றார் அப்பா.

எல்லோரும் திருத்தத்துக்காகக் காத்திருந்தோம். ஸ்கோர் அண்ணையின் உதடு அசைந்தது. பிறகு அவர் கொப்பியை மூடி, அதன்மேல் கையை வைத்தார்.

“ஓம்,” என்றார். “ஆள் மாறிப்போச்சு.”

அவர் ஒரு பிழையை அப்படியே விட்டதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மூன்று வருடத்துக்குப் பிறகு, கொப்பியைப் பிரெஞ்சு எழுத்தில் தட்டச்சு செய்து தரும்படி என்னிடம் கேட்டார். ஜெனீவாவில் காணாமற்போனவர்களின் விபரம் சேர்க்கும் அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பவேண்டுமாம். எனக்குப் பெருமை. உயர்நிலைப் பள்ளியான லிசேயில் கடைசி வருடம், சொந்தக் கணினி இருந்தது. நான்கு பக்கம் முடித்து ஐந்தாம் பக்கத்துக்கு வந்தேன். அப்பாவின் ஊர் அணி.

தவராசா. மூன்றாம் வட்டம். பக்கத்தில் ஒரு வட்டம்.

யோகராசா, தவராசாவின் தம்பி, இடக்கையன். பின்காப்பு. பக்கத்தில் சரி. மற்றச் சரிகளுக்கெல்லாம் ஊர் எழுதியிருந்தது. இதற்கு மட்டும் எழுதவில்லை.

என் அப்பாவின் பெயர் தவராசா. அது என் பெயரும்கூட. தகப்பன் பெயரைக் கொண்டு போகிற வழக்கம் எங்களுடையது. பிரான்சு அதைக் குடும்பப் பெயராகப் பதிந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் முதற் பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டது அந்தப் பெயரில்தான்.

அம்மாவிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வெளிநாடு போக ஆயத்தமானது பெரியவர்தான். ஏஜென்சிக்குக் காசு கட்டி, பிறப்புப் பத்திரம் கொடுத்து, பாஸ்போட்டும் வந்துவிட்டது. அவர்களுடைய அணி ஆடிய இறுதிப்போட்டி முடிந்து இரண்டாம் மாதம், சைக்கிளில் பட்டணத்துக்குப் போனவர் திரும்பவில்லை. மூன்று கிழமை பார்த்துவிட்டு, அந்தத் தாள்களில் சின்னவரை, என் அப்பாவை, அனுப்பினார்கள். தாள்கள் வீணாகக்கூடாது.

“தேடேல்லையா?” என்றேன்.

“என்னெண்டு தேடுறது? தேடினா இஞ்சை இருக்கிறது ஆரெண்டு கேப்பாங்கள். கொப்பாவின்ர தாய் சாகுமட்டும் வாய் திறக்கேல்லை.” அம்மா என் கையைப் பிடித்தார். “நீயும் திறவாத.”

நான் பதினைந்து பெயர்களைத் தட்டச்சு செய்தேன்.

தாளை ஸ்கோர் அண்ணையிடம் கொடுத்தபோது அவர் வாசிக்கவில்லை. பென்சிலால் எண்ணினார்.

“வந்தவன் ஆறு. அவுட் அஞ்சு. நிக்கிறவன் நாலு. கூட்டிப் பார்.”

அப்போதுதான் அவர், நான் தொடக்கத்தில் எழுதிய அந்த வார்த்தைகளைச் சொன்னார். திட்டுவதுபோல் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோல்.

“எழுதினா அப்பான்ர வதிவிடக் கார்ட் போகும்” என்றேன். “அதே பேர், அதே பிறந்த தேதி. ஒருத்தன் காணாமல் போனானெண்டா, பியர்ஃபித்தில இருக்கிறது ஆர்?”

“ஓம், போகலாம்.”

“பேந்தென்னத்துக்கு எழுதிறது?”

“ஆரும் தேடேல்லையெண்டா, பிள்ளை, அவன் காணாமல் போகவும் இல்லை. பிறக்கவும் இல்லை. அப்ப மூண்டாம் வட்டத்தில நிண்டு பந்தை ஆர் பிடிச்சது?” தாளை மடித்து என்னிடமே தந்தார். “நான் எழுதமாட்டன். அது உங்கட வீட்டுப் பேர். நீங்கள்தான் எழுதவேணும்.”

பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்த அடுத்த மாதம் ஸ்கோர் அண்ணை ஊருக்குப் போகிறேன் என்றார்.

“உந்த வயசில சுற்றுலாவோ, அண்ணை?” என்றார் முதலாளி.

“அஞ்சு பேரைப் பாக்கவேணும். வட்டத்தில கனகாலம் நிக்க வைச்சிட்டம்.”

மூன்று கிழமைக்கு இருவழிப் பயணச்சீட்டு. நீல மட்டைக் கொப்பியை, நான் வந்தால் கொடுக்கும்படி அம்மாவிடம் விட்டுப் போனார். மூன்று கிழமை நான்காகியது. அவருடைய தொலைபேசி முதலில் அடித்தது. பிறகு அடிக்கவும் இல்லை.

ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் அவர் இருந்த அறைக்குப் போனேன். வாடகை ஒப்பந்தம் வேறொருவர் பெயரில். அறையில் ஏற்கெனவே மூன்று புதியவர்கள் இருந்தார்கள். காணவில்லை என்று முறையிடப் போகலாம் என்றேன். முதலாளி, “ஓம், போகலாம்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “என்ன பேரெண்டு சொல்லுவாய்?”

ஆயிரம் பேரின் பெயரைச் சொன்னவரின் பெயர் கடையில் யாருக்கும் தெரியவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘ஸ்கோர் எழுதியவர்’ என்று இருந்தது. அதன் பக்கம் வெறுமை.

இரண்டு மாதம் கழித்து ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல கோட், மரியாதையான பேச்சு. அந்த வயதானவர் கொப்பி ஒன்று வைத்திருந்தாரே, அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றார் அம்மா. அவர் நன்றி சொல்லி, வடை ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அம்மா அன்றிரவு நடுங்கியது அவர் கேட்டதற்காக அல்ல.

“எந்த ஊர்த் தமிழெண்டே பிடிக்கேலாமல் கிடந்தது” என்றார். “உந்தக் கொப்பியை எரி.”

எரிக்கவில்லை. குளிர்காலக் கோட்டுகளுக்கு அடியில் வைத்தேன். சட்டம் படித்தேன். இப்போது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மொழிபெயர்க்கிறேன். போன தை மாதம், காணாமற்போன மகனுக்காக ஒரு தாய் நிரப்பிய படிவத்தைப் பிரெஞ்சாக்கினேன். கடைசிக் கேள்வி: இவரைத் தேடி வேறு உறவினர் எவரும் விண்ணப்பித்துள்ளனரா? அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரித்து, ஐந்தாம் பக்கத்தை அப்பாவுக்கு வாசித்தேன். பதினாறு பெயரையும்.

அப்பா எழுந்து போய்விட்டார். நான்கு நாட்கள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவர், திரும்பாமலே சொன்னார்.

“பிழை.”

“என்னது?”

“அண்ணை மூண்டாம் வட்டத்தில நிக்கேல்லை. இறுதிப்போட்டியண்டைக்கு அவருக்குக் கால் சுளுக்கு. நாங்கள் இடம் மாத்தினனாங்கள். மூண்டில நிண்டது நான். அவர் பின்னுக்கு.” கோப்பை இடது கையில் இருந்தது. “ஸ்கோர் அண்ணை கவனிக்கேல்லை. எங்களை ஆரும் எட்டத்தில பிரிச்சுப் பிடிக்கேலாது.”

எனக்குத் தெரிந்து, அவர் ‘அண்ணை’ என்று தன் அண்ணனைச் சொன்னது அதுதான் முதல்தடவை.

“திருத்திப்போட்டு எழுது” என்றார்.

“உங்களுக்கென்ன விசரே?” என்றார் அம்மா. “கார்ட்டைப் பறிச்சாங்களெண்டா?”

“பறிக்கட்டுமெண்டு நான் சொல்லேல்லை. எழுதெண்டுதான் சொன்னனான்.”

வழக்கறிஞரிடம் கேட்டேன். என்ன நடக்கும் என்று தன்னால் சொல்லமுடியாது என்றார். நல்லதாக ஒன்றும் நடக்காமல் போகலாம் என்றும் சொன்னார். அம்மா இப்போது கதவு மணி அடித்தால் முதலில் என்னைத்தான் பார்க்கிறார்.

கொப்பி முழுவதையும் தட்டச்சு செய்து முடித்தேன். ஐந்தாம் பக்கத்தில் இரண்டு இடங்களைத் திருத்தினேன். பதினாறு பெயர்கள். வந்தவர் ஆறு, அவுட் ஐந்து, நிற்பவர் ஐந்து. அடியில் ‘ஸ்கோர் எழுதியவர்: பெயர் தெரியாது’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு வட்டம் கீறினேன்.

போன செவ்வாய்க்கிழமை பியர்ஃபித் தபால் நிலையத்தில், அந்த ஜெனீவா அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். அனுப்புநர் பெயரைச் சுருக்காமல் எழுதச் சொன்னார் அங்கிருந்த பெண். நிரோஜா தவராசா என்று எழுதினேன். ஒப்புதல் அட்டை திங்கட்கிழமை திரும்பி வந்தது. யாரோ கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறார்கள். பெயரை வாசிக்க முடியவில்லை.